தீயும் கலமும்

பசியைத் தீ என்று வழங்குவது தமிழ் மரபு. பசித்தீ என்போம், வயிற்றுத்தீ என்போம். வடமொழியாளர் சாடராக்கினி என்பர். மணிமேகலைக் காப்பியத்திலே காயசண்டிகையைப் பற்றிய தீராப் பசிக்கு ‘யானைத்தீ’ என்பது பெயர். எவ்வளவு உண்டாலும் அடங்காத அத்தீயை அவித்தது அமுதசுரபி என்னும் பாத்திரம். பாத்திரத்துக்குத் தமிழில் இன்னொரு பெயர் கலம். ஆகவே அக்காப்பியத்திலே ஒருபுறம் தீயும் மறுபுறம் கலமுமாக இரண்டும் எதிரெதிர் நிற்கின்றன.

‘கலம்’ என்ற சொல்லுக்கு ஈழத்துப் பாடநூல்களிலே மற்றொரு பொருளும் உண்டு. உயிருடல்கள் யாவும் எந்த நுண்ணிய அலகினாற் கட்டப்பட்டனவோ, அந்த அலகைத் தமிழகத்தார் செல் என்றும் உயிரணு என்றும் கூறுவர். நாம் கலம் என்கின்றோம். இப்பெயர் பொருத்தமானதுதானோ என்று ஐயுறும் மாணவர் உளர். அன்னார் மனிதனின் இரைப்பையை ஒருமுறை ஊன்றி நோக்குவாராயின் ஐயம் அகலும். அங்கே தீயை உண்டாக்குவதும் கலம். அத்தீயைத் தாங்கி நிற்பதும் கலம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடல் வேண்டும். முன்னோர் பசியைத் தீ என்றமையால், இரைப்பையில் ஊறும் அமிலத்தை அவர் அன்றே அறிந்திருந்தார் என்று மேடையிற் பேசுவாரும் உளர். அப்பேச்சுத் தமிழுக்கு ஆக்கம் தராது. உவமை வேறு, ஆராய்ந்து கண்ட உண்மை வேறு. நல்ல உவமை வினாவை எழுப்பும். விடையை நாம்தான் தேடிக் காணல் வேண்டும். தீ என்னும் இவ்வுவமை எழுப்பும் வினா யாது? இறைச்சியையே கரைக்கும் தீ, தானும் இறைச்சியாலாகிய பையை ஏன் கரைக்கவில்லை என்பதே அவ்வினா.

இலண்டன் நகரத்து அறுவை மருத்துவர் ஜோன் ஹண்டர் என்பார் 1772 ஆம் ஆண்டிலே இவ்வினாவை எழுப்பினார். இறந்தோர் சிலரின் உடலை அவர் பரிசோதித்தபோது, இரைப்பையின் சுவர் அதன் சாற்றினாலேயே கரைந்திருக்கக் கண்டார். இறந்தபின் கரையும் சுவர், உயிரோடிருந்த காலத்திலே கரையாதிருந்தது எங்ஙனம்? உயிர்த்தன்மையே அதனைக் காத்தது என்றார் ஹண்டர். அது விடையன்று, வினாவையே வேறு சொற்களாற் கூறியவாறாம். ஆயினும் வினா சரியான வினா. அதற்கு உரிய விடை சிறிது சிறிதாகத் திரண்டு வர இருநூறாண்டுகள் சென்றன.

பையும் சுவரும்

இரை, பை என்னும் இரு சொற்கள் புணர்ந்து இரைப்பை ஆயிற்று. விலங்கும் பறவையும் உண்பதையே பெரும்பாலும் இரை என்கின்றோம். மனிதர் உண்பதை ஊண் என்றும் உணவு என்றும் அமுது என்றும் மதிப்பளித்துக் கூறுகின்றோம். உண்ட பின்னரோ எல்லாம் இரைதான். அரசன் உண்ட விருந்தும் ஏழை குடித்த கஞ்சியும் களத்தின் வழியே இறங்கியபின் ஒரே முறைக்கு உட்படுகின்றன.

இப்பை வயிற்றின் மேற்பகுதியிலே, பிரிமென்றகட்டின் கீழே, இடப்பக்கம் சார்ந்து கிடக்கின்றது. வெறுமையாயிருக்கும்போது அதன் உட்சுவர் மடிப்பு மடிப்பாகச் சுருங்கியிருக்கும். உணவு விழுங்கப்படும்போது சுவர் தானே தளர்ந்து இடங்கொடுக்கும். மடிப்புக்கள் விரியும். வளர்ந்தவர் ஒருவரின் இரைப்பை ஓர் இலீற்றர் முதல் ஒன்றரை இலீற்றர் வரை வருத்தமின்றிக் கொள்ளும். விருந்தினர் வருமுன்னே பாயை விரிக்கும் வீட்டார்போல அது நடந்துகொள்கின்றது.

இதன் சுவர் நான்கு படைகளாலானது. உள்ளே ஈரமான சீதமென்சவ்வு, அதன்கீழ்க் குருதிக்கலன்களும் நரம்புகளும் ஓடும் மென்படை, அடுத்துத் தசைப்படை, புறத்தே மெல்லிய போர்வை. உணவுக்கால்வாயின் ஏனைய பகுதிகளிலே தசை பெரும்பாலும் இரண்டு அடுக்காகவே இருக்கும்: நீளவாட்டில் ஒன்று, வட்டமாக ஒன்று. இரைப்பையிலோ சாய்வாக ஓடும் மூன்றாம் அடுக்கும் உண்டு. துவைத்த துணியைப் பிழிபவர் நேரே அழுத்துவதோடு நில்லாது முறுக்கவும் செய்வார். அங்ஙனம் பிழிந்தும் முறுக்கியும் கடையும் ஆற்றல் இம்மூன்றாம் அடுக்கினாற் கிடைக்கின்றது.

நிமிடத்துக்கு ஏறத்தாழ மூன்று சுருக்க அலைகள் கீழ்நோக்கி ஓடுகின்றன. கீழ்வாயிலிலே தடித்த தசை வளையம் ஒன்று காவல் நிற்கின்றது. ஒன்றிரண்டு மில்லிமீற்றரினும் பெரிய துண்டுகளை அது எளிதிற் போகவிடாது. போகமாட்டாதவை பின்னே தள்ளப்பட்டு மீண்டும் கடையப்படும். இவ்வாறு கூழாகிய உணவே இரைப்பைப்பாகு எனப்படும். அது சிறிது சிறிதாக முன்சிறுகுடலுட் செல்லும். சாதாரணமான ஓர் உணவு வேளையின் பெரும்பகுதி இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் வெளியேறிவிடும். நெய்யும் எண்ணெயும் மிகுந்த உணவு அதனினும் தாழ்த்தே செல்லும்.

சோறுண்போர் அறியவேண்டிய ஒன்று இங்குண்டு. சோற்றின் மாப்பொருளைச் சிதைக்கத் தொடங்குவது வாயில் ஊறும் உமிழ்நீர். விழுங்கிய கவளம் இரைப்பையின் மேற்பகுதியிலே சிறிது நேரம் கலங்காது கிடக்கும். அமிலம் உட்புகும்வரை உமிழ்நீரின் வேலை அங்கும் தொடரும். நன்றாக மென்று உண்க என்று மூத்தோர் கூறுவதற்கு இஃதும் ஒரு நியாயமாகும்.

காயத்தின் வழியே கண்ட காட்சி

இப்பையினுள் நடப்பது யாது என்பதிலே பதினெட்டாம் நூற்றாண்டின் அறிஞர் பலபடக் கருத்து வேறுபட்டனர். அரைத்தல் என்றார் சிலர். அழுகல் என்றார் சிலர். வெப்பத்தால் வேகுதல் என்றார் வேறு சிலர். பிரான்சு நாட்டு றெயோமூர் 1752 இல் ஒரு சோதனை செய்தார். பருந்தினப் பறவை ஒன்று தனக்குச் சமியாதவற்றைக் கக்கிவிடும் இயல்புடையது. துளையுள்ள சிறு உலோகக் குழாயினுள் இறைச்சியை வைத்து அப்பறவையை விழுங்கச் செய்தார். கக்கிய குழாயினுள்ளே இறைச்சி பெரிதும் கரைந்திருந்தது. குழாய்க்குள் இருப்பதைத் தசை அரைக்கமுடியாது. ஆகவே கரைத்தது ஒரு சாறு என்பது தெளிவாயிற்று. பின்னர் இத்தாலிய நாட்டு ஸ்பல்லான்சானி சிறு துணிப்பைகளிலே உணவை வைத்துத் தாமே விழுங்கி இம்முடிவை வலியுறுத்தினார்.

அச்சாற்றை உயிருள்ள மனிதனின் இரைப்பையிலேயே பார்க்கும் வாய்ப்பு ஒரு விபத்தினாற் கிடைத்தது. அமெரிக்காவின் வடபகுதியிலே மக்கினாக் என்னும் தீவு உண்டு. 1822 ஆம் ஆண்டு யூன் 6 ஆம் நாள், தோல் வாணிகக் கும்பனி ஒன்றின் கடையிலே துப்பாக்கி ஒன்று தவறி வெடித்தது. அலெக்சிஸ் சென் மார்ட்டின் என்னும் பிரெஞ்சுக் கனடிய இளைஞரின் இடப்பக்க விலாவுக்குக் கீழே குண்டு பாய்ந்து இரைப்பையைத் துளைத்தது. படகு வலித்துத் தோற்பொதி சுமக்கும் கூலியாள் அவர். கோட்டைப் படையின் மருத்துவர் வில்லியம் போமன்ற் சிகிச்சை செய்தார். பிழையார் என்று எண்ணப்பட்டவர் பிழைத்தார். ஆனால் துளை மூடவில்லை. இரைப்பைச் சுவரின் ஒரு மடிப்பே உள்ளிருந்து திரைபோல வளர்ந்து அதனை மறைத்தது. விரலாற் சிறிது தள்ளினால் உள்ளே காணலாம்.

1825 ஆம் ஆண்டு ஓகத்து முதல் நாள் நண்பகலிலே, இறைச்சி வகைகளையும் பாணையும் கோவாவையும் சிறு துண்டுகளாக்கிப் பட்டுநூலிற் கட்டி, போமன்ற் அத்துளை வழியே இறக்கினார். ஒரு மணிக்கு இழுத்துப் பார்த்தார். பாணும் கோவாவும் பாதி கரைந்திருந்தன, இறைச்சி மாறவில்லை. இரண்டு மணிக்கு அவ்விரண்டும் முற்றாக மறைந்தன. இறைச்சியிலும் சில துண்டுகள் மறைந்தன. பின்னர் அச்சாற்றைக் குப்பியில் எடுத்து, உடலின் வெப்பநிலையிலே வைத்து, அதனுள் இறைச்சியை இட்டார். குப்பியிலும் இறைச்சி கரைந்தது. தாழ்த்தே கரைந்ததாயினும் கரைந்தது. சமிபாட்டுக்கு மறைபொருளான உயிராற்றல் ஒன்று வேண்டுவதில்லை, சாறே போதும் என்பது இதனாற் புலனாயிற்று. வெறும் இரைப்பையிலே சாறு தேங்கிக் கிடப்பதில்லை என்பதையும், சினமும் கலக்கமும் அதன் நிலையை மாற்றும் என்பதையும் அவர் குறித்துவைத்தார். 1833 இல் அவருடைய நூல் வெளிவந்தது.

இவ்வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் போமன்றைப் புகழ்வதோடு நின்றுவிடல் கூடாது. சென் மார்ட்டின் கையொப்பமிட அறியாதவர். 1832 இல் எழுதிய ஒப்பந்தத்திலே அவர் ஒரு குறியையே இட்டார். உணவும் உடையும் உறைவிடமும் ஆண்டுக்கு 150 டொலரும் அவருக்குக் கூலி. நூல் கட்டிய உணவு தம் உடலுள் இறங்கி ஏறுவதை அவர் விரும்பினார் அல்லர். சொல்லாமலே கனடாவுக்குச் சென்றதும் உண்டு; மீண்டு வந்ததும் உண்டு. அவர் 1880 வரை வாழ்ந்தார். மருத்துவர்கள் அவ்வுடலை அறுத்துப் பார்த்தல் கூடாது என்று கருதிய குடும்பத்தார், அதனை மிக ஆழமாகப் புதைத்தனர். நெடுங்காலத்தின் பின், 1962 இல், கனடிய உடற்றொழிலியல் அறிஞர் அவருக்கு ஒரு நினைவுப்பலகை அமைத்தனர். ஏட்டிலே நாம் எளிதாகப் படிக்கும் சில வரிகளுக்கு விலை கொடுத்தவர் அவர்.

எரிக்கும் கலங்கள்

இரைப்பைச் சாற்றின் அமிலம் ஐதரோக்குளோரிக்கமிலம் என்பதை 1823 ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்து நாட்டு வில்லியம் பிறவுட் உணர்த்தினார். அமிலம் மட்டும் இறைச்சியை அவ்வளவு விரைவிற் கரைக்கமாட்டாது என்று கண்டு, அதனோடு வேலை செய்யும் பெப்சின் என்னும் பொருளை 1836 இல் இனங்காட்டினார் செருமானிய அறிஞர் தியோடர் சுவான். இதே சுவான்தான் 1839 இல், விலங்குடல்கள் யாவும் கலங்களால் ஆயவை என்ற கொள்கையை நூலாக வெளியிட்டார். தீயின் ஒரு கூறைக் கண்டவரே கலத்தையும் விளக்கினார் என்பது நம் தலைப்புக்கு வாய்த்த சான்றாகும்.

சீதமென்சவ்வை நுணுக்குக்காட்டியிற் காணின், அது நுண்குழிகள் நிறைந்த நிலம்போலத் தோன்றும். ஒவ்வொரு குழியின் அடியிலும் குழாய்போன்ற சுரப்பிகள் திறக்கின்றன. அச்சுரப்பிகளின் சுவரிலே பல்வகைக் கலங்கள் வரிசையாக அமர்ந்திருக்கின்றன.

அவற்றுள் சுவர்க்கலம் எனப்படுவது அமிலத்தைச் சுரப்பது. குருதியோடு ஒப்பிடுங்கால் அது வெளிவிடும் நீரின் அமிலச்செறிவு பத்து இலட்சம் மடங்கினும் மிகுதி. இவ்வளவு பெரிய ஏற்றத்துக்கு எதிராக ஐதரசன் அயன்களைத் தள்ளுவது மேட்டு நிலத்துக்கு நீர் இறைப்பது போன்ற கடுந்தொழில். ஆகலின் அக்கலத்தினுள் சத்தியை வழங்கும் இழைமணிகள் மிக நெருங்கியுள்ளன. அமிலம் வெளிச்செல்லும் பரப்பைப் பெருக்க, கலத்தினுள்ளேயே நுண்கால்வாய்கள் கிளைத்துள்ளன. அமிலத்தைக் கலம் தன் வயிற்றிலே தேக்கிவைப்பதில்லை. விளிம்பிலே ஆக்கி வெளியே விடுகின்றது. தீயைக் கையாள்பவனின் முதல் அறிவு இது.

பிரதான கலம் எனப்படுவது பெப்சினைத் தருவது. ஆனால் பெப்சினாக அது தருவதில்லை. பெப்சினோசன் என்னும் வேலைசெய்யா வடிவிலே தருகின்றது. உறையிலிட்ட வாளை ஒருவர்க்கு நீட்டுவது போன்றது அச்செயல். வெளியே வந்து அமிலத்திற் பட்டபின்னரே உறை கழன்று வாள் வெளிப்படும். பெப்சின் புரதத்தின் நீண்ட சங்கிலியை இடையிடையே வெட்டும். வெட்டிய துண்டுகளை மேலும் சிதைப்பதும் உடலோடு சேர்ப்பதும் சிறுகுடலின் கடமை. சமிபாடு முழுவதும் இரைப்பையிலே முடிகின்றது என்று எண்ணுதல் தவறு. இரைப்பை தொடங்கிவைக்கின்றது, சிறுகுடல் முடித்துவைக்கின்றது.

எப்பொழுது மூட்டுவது, எப்பொழுது அவிப்பது என்பதற்கும் கலங்கள் உள. கீழ்ப்பகுதியிலுள்ள சில கலங்கள் உணவு வந்ததை உணர்ந்து காஸ்திரின் என்னும் ஓமோனைக் குருதியிற் கலக்கின்றன. அது சென்று சுவர்க்கலங்களை எழுப்புகின்றது. அமிலம் மிகுந்தபோது வேறு சில கலங்கள் சொமற்றோசுத்தற்றின் என்னும் பொருளைச் சுரந்து அடக்குகின்றன. உணவின் மணமும் நினைவும்கூட நரம்பு வழியே சுரப்பைத் தூண்டும். அதனை நாய்களிற் செய்த சோதனைகளால் நிறுவிய இரசிய அறிஞர் பவுலோவ் 1904 இல் நோபெல் பரிசு பெற்றார்.

காக்கும் கலங்கள்

இனி ஹண்டரின் வினாவுக்கு வருவோம். சுவரை யார் காக்கின்றனர்?

உட்சுவரின் மேற்பரப்பு முழுவதையும் சீதக்கலங்கள் இடைவெளியின்றி மூடியுள்ளன. அவை இருவகைப் பொருளைத் தருகின்றன. ஒன்று, கூழ்போன்ற சீதம். மற்றையது, அமிலத்தை முறிக்கும் இருகாபனேற்று. சீதத்தின் மெல்லிய படையினுள் இருகாபனேற்றுச் சிறைப்பட்டு நிற்கின்றது. உள்நோக்கி வரும் அமிலம் சுவரைத் தொடுமுன்னே முறிந்துபோகின்றது. ஒரு மில்லிமீற்றரும் இல்லாத தடிப்பினுள், ஒருபக்கம் கடுமையான அமிலம். மறுபக்கம் ஏறக்குறைய நடுநிலை நீர். பெப்சின் பெரிய மூலக்கூறாதலின் அக்கூழினுள் எளிதிற் புகமாட்டாது. புகுந்தாலும் அமிலம் குறைந்த அவ்விடத்திலே அதன் கூர் மழுங்கும்.

இரண்டாவது காவல், பொருத்து. அயற்கலங்கள் தம்முள் இறுகப் பொருந்தியிருத்தலின் இடுக்குவழி அமிலம் கசிவது அரிது. மூன்றாவது காவல், குருதியோட்டம். தப்பித்தவறி உட்புகுந்த அமிலத்தை அது வாரிச் சென்றுவிடும்.

நான்காவது காவலே வியப்புக்குரியது. மேற்பரப்பின் கலங்கள் நெடுங்காலம் வாழ்வதில்லை. சில நாள்களுள் உதிர்ந்துவிடுகின்றன. குழிகளின் கழுத்துப்பகுதியிலே பிறக்கும் புதிய கலங்கள் மேலேறி அவற்றின் இடத்தை நிரப்புகின்றன. ஏறத்தாழ ஒரு கிழமைக்குள்ளே உட்போர்வை முழுவதும் புதிதாகின்றது. தீயைத் தாங்கும் சட்டி ஒருநாள் வெடிக்கும் என்பதை அறிந்து, வெடிக்குமுன்னே புதிய சட்டியை வனைந்து வைக்கும் குயவனைப் போன்றது இந்த ஏற்பாடு. இறந்த உடலிலே இக்குயவன் இல்லை, சீதமும் இருகாபனேற்றும் ஊறுவதில்லை, குருதி ஓடுவதில்லை. ஏற்கெனவே ஊறிய அமிலமும் பெப்சினும் மட்டும் எஞ்சியுள்ளன. ஹண்டர் கண்ட காட்சிக்கு விளக்கம் இதுவே. ‘உயிர்த்தன்மை’ என்று அவர் கூறிய ஒரு சொல்லை, நான்கு வேலைகளாகப் பிரித்துக் காட்டியது பிற்கால ஆராய்ச்சி.

காவல் தளர்ந்தால்

தீ மிகுந்தாலும் கேடு. காவல் குறைந்தாலும் கேடு. இரைப்பைப்புண் என்பது பெரும்பாலும் காவல் குறைந்ததனால் வருவது. உறைப்பும் மனக்கவலையுமே அதற்குக் காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. மிளகாயைக் குறைக்குமாறும் பாலைக் குடிக்குமாறும் நோயாளர்க்கு அறிவுரை கூறப்பட்டது. அமிலம் ததும்பும் அப்பையிலே எந்தப் பற்றீரியாவும் வாழாது என்பதே அக்காலப் பாடம்.

அவுத்திரேலியாவின் பேர்த் நகரத்து றொபின் வொறன், பரி மார்ஷல் என்னும் இரு மருத்துவர் அப்பாடத்தை மாற்றினர். ஹெலிக்கோபற்றர் பைலோரி என்னும் பற்றீரியாவை அவர்கள் 1982 இல் இரைப்பையிலிருந்து எடுத்து வளர்த்தனர். பிறர் நம்பாமையின், 1984 இல் மார்ஷல் அதனைத் தாமே குடித்தார். சில நாளில் அவரது இரைப்பைச் சுவர் அழற்சியுற்றது. இருவர்க்கும் 2005 இல் நோபெல் பரிசு கிடைத்தது. இக்கிருமியின் தந்திரம் நோக்கத்தக்கது. அது யூரியாவைச் சிதைத்து அமோனியாவை உண்டாக்கித் தன்னைச் சூழ அமிலத்தை முறித்துக்கொள்கின்றது. சீதக்கலம் கையாளும் உபாயத்தையே கள்வனும் கையாண்டு, காவலனின் போர்வைக்குள்ளேயே ஒளிந்திருக்கின்றான். அதனை உடையார் எல்லார்க்கும் புண் வருவதில்லை. வந்தோர்க்கு நுண்ணுயிர்கொல்லி மருந்துகளும் அமிலத்தைக் குறைக்கும் மருந்துகளும் சேர்த்துக் கொடுத்துப் பெரும்பாலும் முற்றாகக் குணப்படுத்தலாம்.

மற்றொரு காரணம் நம் வீட்டு மேசைகளிலே இருக்கின்றது. அசுப்பிரின் முதலிய வலிநீக்கி மாத்திரைகள், புரசுத்தகிளாண்டின் என்னும் பொருள் உடலில் உண்டாவதைத் தடுக்கின்றன என்று 1971 இல் ஜோன் வேன் காட்டினார். வலி தணிவது அதனால்தான். ஆனால் சீதமும் இருகாபனேற்றும் ஊறுவதற்கும், சுவரிலே குருதி நன்கு ஓடுவதற்கும் துணைநிற்பதும் அதே பொருள்தான். தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் மருத்துவரைக் கேளாமல் நாள்தோறும் இம்மாத்திரைகளை விழுங்குவோர், தம் இரைப்பையின் காவலரைத் தாமே விலக்குகின்றனர். நீடித்த வயிற்றுநோவும் கருநிறமான மலமும் கண்டால் தாழ்த்தாது மருத்துவரிடம் செல்லல் வேண்டும். மருத்துவர் விதித்த மாத்திரையையோ அவரைக் கேளாது நிறுத்துதலும் தகாது.

இரைப்பையின்றி மனிதன் வாழ்வானா என்று மாணவர் கேட்பதுண்டு. வாழ்வான். சூரிச் நகரிலே காள் சிலாற்றர் 1897 இல் ஒரு நோயாளியின் இரைப்பை முழுவதையும் அகற்றி வெற்றி கண்டார். அத்தகையோர் சிறிது சிறிதாகப் பலமுறை உண்ணல் வேண்டும். ஆனால் ஒன்றை அவர் உணவால் ஈடுசெய்தல் அரிது. விற்றமின் பீ12 குடலிலே உறிஞ்சப்படுவதற்கு இரைப்பை தரும் ஒரு துணைப்பொருள் வேண்டும் என்பதை அமெரிக்க மருத்துவர் வில்லியம் காசில் 1929 முதலாக வெளியிட்ட ஆய்வுகள் காட்டின. அப்பொருளைத் தருவதும் அமிலத்தைத் தரும் அதே சுவர்க்கலம். அஃது இன்றேல் குருதிச்சோகை வரும். பீ12 ஐ ஊசி மூலம் ஏற்றல் வேண்டும். எரிப்பதற்கென்று நாம் எண்ணிய கலம், குருதியை வளர்க்கும் தொழிலையும் ஓசையின்றிச் செய்துவந்தமை இதனால் விளங்கும்.

திருக்குறளின் ‘மருந்து’ என்னும் அதிகாரம், முன்னுண்டது சமித்தமை அறிந்து உண்ணுமாறு நமக்கு அறிவுறுத்துகின்றது. அமிலத்தையும் பெப்சினையும் அறியாத காலத்திலே, உடலின் ஒழுங்கை உற்றுநோக்கிப் பெற்ற அறிவு அது. அதனை அந்த அளவிலே போற்றுவதே அதற்குப் பெருமை.

பரீட்சைக்காகச் சுவர்க்கலம், பிரதான கலம், சீதக்கலம் என்று பெயர்களை அடுக்கி ஒப்புவிக்கும் மாணவர், மறுமாதமே அவற்றை மறந்துவிடுகின்றனர். ஆசிரிய நண்பர்கள் பெயர்களை எழுதுமுன்னர் ஹண்டரின் வினாவைக் கரும்பலகையில் எழுதுவாராக. இறைச்சியைக் கரைக்கும் சாறு இறைச்சிப்பையை ஏன் கரைக்கவில்லை? பிள்ளைகள் தமக்குத் தோன்றிய விடைகளைக் கூறட்டும். அவ்விடைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சோதிக்கும்போது கலங்களின் பெயர்கள் தாமே வந்து உரிய இடத்தில் அமரும்.